நாய்க்கு உகந்த உணவு எது?

'நாய் நன்றியுள்ள பிராணி' என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதாத தமிழ் மாணவர் நம்மில் ஒருவரும் இரார். அதன் நன்றியைப் பற்றிப் பக்கம் நிரம்ப எழுதினோம். அதற்கு நாம் இடும் உணவைப் பற்றியோ, 'மிஞ்சிய சோற்றைத் தின்று வாழும்' என்ற ஒற்றை வரியோடு முடித்துக் கொண்டோம்.

இன்று அந்த ஒற்றை வரி போதாது. ஊரில் பெற்றோர் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். எந்தத் தீனியை வாங்குவது என்று, படித்த பிள்ளையாயிற்றே என நம்மைத்தான் தொலைபேசியில் கேட்கிறார்கள். விடுதியை விட்டு வாடகை வீட்டில் கூடித் தங்கும் ஆராய்ச்சி மாணவர்களிலும் நாய் வளர்ப்போர் உண்டு. கடைக்குப் போனால் சுவர் முழுவதும் பைகள். ஒன்றின் விலையைப் போல மற்றொன்றின் விலை மூன்று மடங்கு. எல்லாப் பைகளின் மேலும் பளபளக்கும் உரோமத்தோடு ஒரு நாய் சிரிக்கிறது. உதவித் தொகையில் காலம் தள்ளும் நாம் எதை எடுப்பது? எதை எடுக்கச் சொல்வது?

விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டால் நாம் வெளியே போய்த் தோசை தின்று வரலாம். நாய்க்கு அந்த வசதி இல்லை. நாம் தேர்ந்த ஒரு பையே அதற்குக் காலையும் மாலையும், ஆண்டு முழுவதும் உணவு. ஆதலின் தேர்வில் உள்ள சிறு குறையும் நாள்தோறும் சேர்ந்து பெரிதாகிவிடும். நல்ல தீனியைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: பையின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தைப் படிக்க வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்று காண்போம்.

தீனி உருவான விதம்

1860ஆம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர் லண்டனில் கோதுமை மாவு, காய்கறி, இறைச்சி இவற்றைச் சேர்த்து நாய்களுக்கென ஒரு பிஸ்கோத்துச் செய்து விற்றார். நாய்த் தீனி வாணிகம் அதிலிருந்தே தொடங்கியது எனலாம். அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கிரஃப்ட் என்பவரே, இன்றும் புகழ்பெற்று விளங்கும் 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியை 1891இல் தம் பெயரால் தொடங்கியவர்.

இன்று கடையில் காணும் உலர்ந்த உருண்டைத் தீனிக்கு வழிகாட்டியது, அமெரிக்காவின் புரினா நிறுவனம் 1957இல் கொண்டுவந்த முறை. தானிய மாவையும் இறைச்சிப் பொடியையும் நீராவியோடு பிசைந்து, மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு திருகு இயந்திரத்தின் வழியே தள்ளுகிறார்கள். முறுக்கு நாழியில் மாவைப் பிழிவது போலத்தான். துளையை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் நீங்கி அது பொரிகிறது. அதைத் துண்டாக்கி உலர்த்தி, மேலே கொழுப்பையும் சுவையூட்டும் பொருளையும் தெளிக்கிறார்கள்.

இந்தக் கடைசிப் படியை நாம் நினைவில் கொள்ள வேண்டும். 'எங்கள் நாய் ஆசையாகத் தின்கிறது; ஆகவே இது நல்ல தீனி' என்பார் பலர். ஆசையைத் தூண்டுவது பெரும்பாலும் மேலே தெளித்த அந்தக் கொழுப்பே. விடுதி வாசலில் விற்கும் பஜ்ஜியை நாமும் ஆசையாகத்தான் தின்கிறோம்.

யாருக்கான உணவு?

பின்புறத்தில் முதலில் தேட வேண்டிய சொற்றொடர், 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்பது. வேறொன்றும் சேர்க்காமல் இதை மட்டும் தின்றே நாய் நலமாக வாழலாம் என்பது இதன் பொருள். 'சப்ளிமெண்டல்' அல்லது 'காம்ப்ளிமெண்டரி' என்றிருந்தால் அது தொடுகறி போன்றது; அதையே சோறாக்கலாகாது. நாய்க்கென விற்கும் சிறு பொட்டலக் குழம்புகளிலும் தின்பண்டங்களிலும் பல இவ்வகையே.

அந்தச் சொற்றொடரோடு எந்தப் பருவத்து நாய்க்கு என்பதும் இருக்கும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் என ஒன்று 1909இல் தோன்றியது. அது வகுத்த அளவுகளையே பல நாட்டு நிறுவனங்களும் தம் பைகளில் எடுத்துக்காட்டுகின்றன. அதன்படி, நீர் நீக்கிய தீனியில் வளர்ந்த நாய்க்கு 100க்கு 18 பங்கேனும் புரதம் வேண்டும். குட்டிக்கும் சினை நாய்க்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 22.5 பங்கு வேண்டும். கொழுப்பு முறையே 5.5 பங்கும் 8.5 பங்கும் குறையாதிருக்க வேண்டும்.

நம் நாட்டில், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கே உரியது. விலங்குத் தீனி அதில் அடங்காது. ஆகவே நாம் பிஸ்கட்டு வாங்கும்போது கொள்ளும் நம்பிக்கையை அப்படியே நாய்த் தீனிப் பையின் மேலும் வைத்துவிட இயலாது. படித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதாகிறது.

குட்டிகளின் செய்தியில் ஓர் எச்சரிக்கை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற பேரினக் குட்டி வந்தால், 'எலும்பு உறுதிப்படட்டும்' என்று சுண்ணாம்புச் சத்து மருந்தை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. நிறை உணவு தின்னும் குட்டிக்கு இது கேடு. மிகுதியாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் முதல் சில மாதங்களில் குட்டியின் குடலுக்கு இல்லை. வந்ததெல்லாம் உடலில் ஏறி, எலும்பும் மூட்டும் கோணலாக வளர இடமாகிறது. பேரினக் குட்டிகளின் தீனியில் கால்சியம் 1.8 பங்கைத் தாண்டலாகாது என்று அச்சங்கம் தனி வரம்பே விதித்திருக்கிறது. பையில் 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று பார்த்து வாங்கி, மருந்துப் புட்டியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு டின் உணவில் புரதம் 8 சதவிகிதம் என்றும், ஓர் உலர் தீனிப் பையில் 24 சதவிகிதம் என்றும் போட்டிருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். எதில் புரதம் மிகுதி? பைதான் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் டின்னில் 78 பங்கு நீர். பையில் 10 பங்கே நீர். நீரைக் கழித்தால் டின்னில் எஞ்சுவது 22 பங்கு. அந்த 22இல் 8 புரதம். அஃதாவது 36 சதவிகிதம். பையில் எஞ்சும் 90இல் 24 என்பது 27 சதவிகிதம்தான். நீரைக் கழித்த பின்னரே இரண்டையும் ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன 18, 22.5 என்ற அளவுகளும் நீர் கழித்தவையே.

வேதியியல் நண்பர்களுக்கு மற்றொன்று நினைவிருக்கும். புரதத்தின் அளவை நேரே எவரும் அளப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் 1883இல் கண்ட முறைப்படி, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். இந்த ஓட்டையைத் தீயோர் பயன்படுத்தினார்கள். மெலமின் என்னும் வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் அதைக் கலந்து, புரத அளவை உயர்த்திக் காட்டினார்கள். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. ஒரே நிறுவனம் 6 கோடி டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது.

இதனால் நாம் அறிவது யாது? எண் வேண்டும், எண்ணுக்குப் பின்னால் ஆளும் வேண்டும். செய்தவர் பெயர், முகவரி, செய்த மாதம், தொகுதி எண், தொடர்பு கொள்ளும் வழி இவை பையில் இருக்க வேண்டும். இந்தத் தீனியை வகுத்தவர் ஊட்டவியல் கற்றவரா, ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறீர்களா என்று எழுதிக் கேட்டால் விடை சொல்லும் நிறுவனமே நம்பத்தக்கது. மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் அள்ளி விற்கும் தீனியில் இவை ஒன்றுமே தெரியா. விலை மலிவாயினும் அதை வாங்காதிருப்பதே நலம்.

சேர்மானப் பட்டியலும் தானியமும்

பட்டியலில் பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக நிற்கும். சேர்க்கும்போது இருந்த எடை அது. பச்சைக் கோழியிறைச்சியின் எடையில் ஏறத்தாழ 70 பங்கு நீர். ஆகவே அது முதலில் நிற்பதனாலேயே தீனியில் அதுவே மிகுதி என்று கொள்ள இயலாது. நீர் வற்றிய 'சிக்கன் மீல்' என்னும் பொடி இரண்டாவதாக நின்றாலும் அதிகப் புரதம் தரலாம்.

'தானியமே இல்லை' என்று பறைசாற்றும் பைகளும் உண்டு, விலையும் உயர்வு. நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய் தானியம் தின்னாது என்பது அவர்கள் வாதம். 2013இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு இதற்கு விடை கூறுகிறது. மாவுப் பொருளைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான ஒரு மரபணு ஓநாயில் 2 படிகளாக இருக்க, நாய்களில் 4 முதல் 30 படிகள் வரை காணப்பட்டது. மனிதனோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் உண்டு வாழ்ந்து, நாய் நம் சோற்றுக்குப் பழகிவிட்டது. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு மிகுந்த தீனிகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்புண்டா என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. காரணம் இதுவே என்று நிறுவப் போதிய சான்று இல்லை என 2022 இறுதியில் அறிவித்தது. கேடு உறுதிப்படவில்லை, ஆனால் நன்மையும் உறுதிப்படவில்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு மிகுதியாகப் பணம் கொடுப்பானேன்?

சைவ வீடுகளில் நாய்க்கும் சைவத் தீனி ஆகுமா என்று கேட்பர். முறையாக வகுத்த நிறை உணவாயின் நாய்க்கு ஆகும். பூனைக்கு ஆகாது, இறைச்சியில் மட்டும் இயல்பாக உள்ள சில சத்துகளை அதன் உடல் தானே ஆக்கிக் கொள்ள வல்லதன்று.

எவ்வளவு? என்ன செலவு?

நல்ல தீனியையும் மிகுதியாகப் போட்டால் தீங்கே. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் இணை இணையாக வளர்த்து ஆராய்ந்த முடிவு 2002இல் வெளிவந்தது. இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாக அதே தீனியைத் தந்தார்கள். மிகுதியாகத் தின்றவற்றின் நடுநிலை ஆயுள் 11.2 ஆண்டு; அளவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. ஒரு கைப்பிடி தீனியைக் குறைத்ததனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வாழ்வு கூடிற்று.

அளவைக் கணக்கிடுவது எளிது. நாயின் எடையைக் கிலோவில் எழுதி மூன்று முறை பெருக்குங்கள், இரு முறை வர்க்கமூலம் எடுங்கள், 70ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு 1000, அதிலிருந்து 5.62, முடிவில் 394 கலோரி. சும்மா படுத்திருக்கத் தேவையானது இது. கருத்தடை செய்த, வீட்டோடு வாழும் வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கினால் 630 கலோரி. தின்பண்டம், பிஸ்கோத்து எல்லாம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

இனி விலை. கிலோ 300 ரூபாய்த் தீனி ஒன்றில் 100 கிராமுக்கு 350 கலோரி. 340 ரூபாய்த் தீனியில் 400 கலோரி என்று கொள்வோம். முதலாவது நாளொன்றுக்கு 180 கிராம் வேண்டும். செலவு 54 ரூபாய். இரண்டாவது 158 கிராம் போதும்; செலவு அதே 54 ரூபாய். கிலோ விலையைப் பார்த்து மலிவு என்று மகிழ்வதற்கு முன், நாள் செலவைப் போட்டுப் பார்ப்பது நன்று.

வாங்கிய பின்

ஈரம் பட்ட தானியத்தில் பூஞ்சை பிடித்து அஃபிளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த தீனியால் பல நாய்கள் இறந்தன. மழைக்காலத்தில் பையைத் தரையில் வைக்காமல், வாயை இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குவது போதும். தீனியை மாற்ற நேர்ந்தால் ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஏழெட்டு நாளில் மாற்றினால் வயிறு கெடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் இவை நாய்க்கு நஞ்சு. குழம்புச் சோறு கலந்து தரும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். நோயுற்ற நாய்க்கு உணவைத் தேர்வது கால்நடை மருத்துவரின் வேலை. அங்கே நம் கணக்குகள் செல்லா.

எல்லாம் செய்தபின் விடைத்தாளைத் திருத்துவது நாயின் உடலே. விலாவில் கையை வைத்தால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். ஆனால் துருத்தி நிற்கலாகாது. மேலிருந்து நோக்கினால் இடை சற்றே ஒடுங்கித் தெரிய வேண்டும். மலம் கட்டியாகவும், உரோமம் மினுமினுப்பாகவும், நடை சுறுசுறுப்பாகவும் இருந்தால் தேர்வு சரி.

அடுத்த முறை வீட்டிலிருந்து கேள்வி வந்தால், பையின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நண்பர்களே. நிறை உணவா, எந்தப் பருவத்துக்கு, நீர் போகப் புரதம் எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்று நான்கு வரியில் விடை எழுதிவிடலாம். தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க வாயில்லாத ஓர் உயிருக்கு, நாம் கற்ற கல்வி அந்த அளவுக்கேனும் பயன்படட்டும்.