மீட்டருக்கும் வாரியத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி

ஜோலார்பேட்டை ஜங்ஷனிலிருந்து சென்னைப் பக்கம் போகும் ரயில் பாதை வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்களின் வழியாகவே போகிறது. அங்குள்ள ஆலைகளிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கழிவுநீர் எவ்வளவு ஓடுகிறது, அதன் பி.எச். என்ன என்று மீட்டர்கள் சதா அளந்துகொண்டிருக்கின்றன. இந்த மீட்டர்களில் பெரும்பாலானவை ஆர்.எஸ்.485 என்ற பழைய சீரியல் முறையில்தான் பேசும். இணையமோ ஈதர்நெட்டில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே பேனலுக்குள் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் திருகு வைத்து முடுக்கிய ஏ, பி என இரண்டு ஒயர். மறுபக்கம் நெட்வொர்க் கேபிள். ஊரில் இதைக் கன்வெர்ட்டர் என்பார்கள், தயாரிப்பாளர்கள் சீரியல் டிவைஸ் சர்வர் என்பார்கள். முதலாளிக்கு மீட்டரின் விலை தெரியும், மோட்டாரின் குதிரைசக்தி தெரியும். இந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு மட்டும் தெரியாது.

ஆனால் சட்டம் கேட்கும் எண்கள் இதன் வழியாகத்தான் போகின்றன. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று உத்தரவிட்டது. தோல் பதனிடுதல் அந்த 17-இல் ஒன்று. தோல் ஆலைக் கழிவால் வந்த பாலாற்று மாசு வழக்கோ இன்னும் பழையது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது அதே நீதிமன்றத்திலிருந்து 2025 ஜனவரி 30-இல் வந்த தீர்ப்பு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ரீடிங் தவறாகப் போவதும் போகாமலே நிற்பதும் சின்ன விஷயமல்ல.

பெட்டியின் ‘போர்ட் மோடு’ எது என்பதில்தான் பாதி வம்பு இருக்கிறது. டி.சி.பி. சர்வர் மோடில் பெட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மோக்ஸா நிறுவனத்தின் பெட்டிகளில் வழக்கமாக அந்தக் கதவின் எண் 4001. அந்த எண்ணை எட்ட முடிந்த எவரும் நேராக மீட்டரிடம் பேசலாம். செட்டிங் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் இந்தக் கதவுக்கு அது பொருந்தாது. மீட்டர் பேசும் மோட்பஸ் மொழியிலும் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. கேட்டால் பதில் சொல்லும்; எழுதக்கூடிய பதிவேடு என்றால், எழுதச் சொன்னதை எழுதிக்கொள்ளும்.

டி.சி.பி. கிளையன்ட் மோடில் பெட்டியே போய், குறித்துக் கொடுத்த முகவரியை மட்டும் கூப்பிடும். ரியல் காம் மோடு என்பது கம்ப்யூட்டரை ஏமாற்றும் ஏற்பாடு: எங்கோ இருக்கும் மீட்டர், தன் முதுகிலேயே செருகிய காம் போர்ட் என்று மென்பொருள் நம்பிக்கொள்ளும். பழைய சாஃப்ட்வேரை மாற்ற மனமில்லாத இடங்களில் இதுதான் கைகொடுக்கும். யு.டி.பி. மோடில் தகவல் போய்ச் சேர்ந்ததா என்ற விசாரணையே இல்லை. சட்டத்துக்குக் கணக்குக் காட்டும் மீட்டருக்கு அது ஆகாது.

சர்வர் மோடில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே நேரத்தில் பல இணைப்புகளை அனுமதித்து வைத்திருந்தால், ரீடிங்கைச் சேகரித்து வாரியத்துக்கு அனுப்பும் டேட்டா லாகரும் சர்வீஸ்காரரின் லேப்டாப்பும் ஒரே மீட்டரைக் கேள்வி கேட்கும். ஒருவருக்குப் போக வேண்டிய பதில் இன்னொருவருக்குப் போகும். ஒரே இணைப்பு என்று வைத்தாலும், செத்த இணைப்பைக் கண்டுபிடித்து விடுவிக்கும் நேரத்தை அமைக்காவிட்டால், இணையம் அறுந்து திரும்பியதும் பெட்டி பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு புதியதைச் சேர்க்காது. மீட்டர் நன்றாக ஓடும், ஆனால் வாரியத்தின் திரையில் வெற்றிடம் விழும்.

உலக அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 2013-இல் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் தேடியபோது, இப்படிப்பட்ட பெட்டிகள் 1,14,000-க்கு மேல் இணையத்தில் வெளியே தெரிந்தன. அவற்றில் 95,000-க்கு மேற்பட்டவை மொபைல் சிம் வழியாக இணைந்தவை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியதோடு விடவில்லை. துணை மின்நிலையங்களிலிருந்த சீரியல் கன்வெர்ட்டர்களை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரையும் அழித்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்க வழியில்லாமல் ஊழியர்கள் நேரில் போய்க் கையால் சுவிட்சு போட வேண்டியிருந்தது.

ஆலைக்காரர் அவ்வளவு தூரம் பயப்பட வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஆபத்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சர்வீஸ்காரரின் கையில் இருக்கும் சாவி. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியிலோ நெட்வொர்க்கிலோ நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். கெட்ட நோக்கத்தோடு செய்திருந்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நுகர்வோர் நீதிமன்றத்தை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவருக்கே விலக்கு. ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே பாஸ்வேர்டு, செட்டிங் கோப்பின் நகல், ஃபர்ம்வேர் பதிப்பு மூன்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிடுவது மேல். அதில்லாமல் கடைசி பில்லைத் தீர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்து கிடக்கும் இந்தக் கதவு, ரீடிங்கை அழகுபடுத்த நினைக்கும் ஆலைக்கும் வசதிதான். வாரியத்துக்குச் சந்தேகம் வந்தால், கதவைத் திறந்து வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். ‘யாரோ வெளியாள் நுழைந்திருப்பான்’ என்ற பதில், பூட்டே போடாதவர் வாயிலிருந்து வந்தால் எடுபடாது.

செய்ய வேண்டியது ஒரு பிற்பகல் வேலை. லாகரின் முகவரி நிலையானது என்றால் கிளையன்ட் மோடுக்கு மாற்றலாம். சர்வர் மோடுதான் வேண்டுமென்றால், அனுமதிக்கும் ஐ.பி. முகவரிப் பட்டியலை இயக்க வேண்டும். அதில் முதலில் சேர்க்க வேண்டியது அமைப்பவரின் சொந்த முகவரி; மறந்தால் அவரே வெளியே நிற்பார், ரீசெட் பட்டனை அழுத்த வேண்டி வரும். ரீசெட் செய்தால் பாஸ்வேர்டும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால் பேனல் கதவுக்குப் பூட்டு அவசியம். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் இருந்தால் எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வருபவர் வி.பி.என். வழியாக மட்டும் வரட்டும். தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழையும் டெல்நெட் வழியையும் அணைக்க வேண்டும்.

யாராவது நுழைந்தது தெரிந்தால் உடனே ரீசெட் செய்யக் கூடாது, தடயம் போய்விடும். முதலில் திரையைப் படமெடுத்து, செட்டிங்கையும் பதிவுகளையும் நகலெடுக்க வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அத்தோடு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அன்றே எழுத்தில் கொடுத்தால், ரீடிங் நின்ற நேரத்துக்குக் காரணம் பதிவாகிவிடும்.

ஆற்றோரத்து விவசாயிக்கும் இதில் உரிமை உண்டு. நேரடிக் கண்காணிப்பு அளவுகளை மாநில வாரியங்கள் மக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 22 அன்று உத்தரவிட்டிருக்கிறது. அங்கே கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்த நிலையத்திலிருந்து, எந்த மாதம், எத்தனை மணி நேரம் ரீடிங் வரவில்லை, அதற்கு ஆலை சொன்ன காரணம் என்ன, வாரியம் எடுத்த நடவடிக்கை என்ன என்று தனித்தனிக் கேள்வியாக எழுதினால், பொத்தாம்பொதுவான பதிலைச் சொல்லி நழுவ முடியாது.