அன்று பிழைக்க... இன்று பொழுதுபோக்க! சென்னை கடலில் சொகுசு கப்பல்

சென்னை,

"அவன் கப்பலேறிப் போயிட்டான்" என்று சொன்னால், ஒரு காலத்தில் வீடே அழும். மகன் பினாங்கு போகிறான், சிங்கப்பூர் போகிறான். திரும்பி வர 3 வருடமோ, 5 வருடமோ... யார் கண்டது?

இன்றும் அதே சென்னை துறைமுகத்தில் கப்பலேறுகிறார்கள். ஆனால் 2 நாளில் வீடு திரும்பி விடுகிறார்கள். எந்த ஊருக்கு போனீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. போனது ஊருக்கு அல்ல, நடுக்கடலுக்கு!

இதுதான் சொகுசு கப்பல் பயணம்.

"காசைக் கொட்டி கடல்ல மிதக்கணுமா?" என்பது ஒரு கட்சி. "ஆயுசுல ஒரு தடவை போனா என்ன குறைஞ்சு போச்சு?" என்பது இன்னொரு கட்சி. மயிலாப்பூர் மாடவீதி ஆனாலும் சரி, தி.நகர் பாண்டி பஜார் ஆனாலும் சரி, நடுத்தர குடும்பங்களில் இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

டிக்கெட் வாங்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

கொடி அசைத்தார் முதல்-அமைச்சர்

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி. சென்னை துறைமுகத்தில் இருந்து "எம்ப்ரஸ்" என்ற கார்டிலியா நிறுவனத்தின் சொகுசு கப்பலை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பி வைத்தார்.

அப்போது 2 விதமான பயணம் அறிவிக்கப்பட்டது. ஒன்று, நடுக்கடல் வரை போய் 2 இரவு கழித்து திரும்புவது. இன்னொன்று, விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாக 5 நாள் சுற்றி வருவது.

கப்பல் பெரியது, ஆனால் புத்தம் புதிது அல்ல. 1990-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்டது. வேறு பெயர்களில் வெளிநாட்டு கடல்களில் ஓடிவிட்டு, 2021 செப்டம்பரில் மும்பையில் இருந்து இந்திய பயணத்தை தொடங்கியது.

நீளம் 211 மீட்டர். அதாவது 690 அடிக்கு மேல். கப்பல் கணக்கில் 48 ஆயிரத்து 563 டன். 11 அடுக்கு. ஏறக்குறைய 800 அறைகள். 1,800 பேர் வரை போகலாம்.

ஏன் ஜூன் மாதம்?

நல்ல வெயில் காலத்தில் மும்பை, கோவா என்று மேற்கு கடலில் சுற்றும் கப்பல், ஜூன் பிறந்ததும் சென்னை பக்கம் வருவது ஏன்?

காரணம் காற்றுதான். தென்மேற்கு பருவமழை தொடங்கினால் அரபிக்கடல் கொந்தளிக்கும். அப்போது வங்கக்கடலின் நம் பக்கம் அந்த அளவுக்கு சீற்றம் இருக்காது. அக்டோபரில் வடகிழக்கு பருவமழை தொடங்கினால் நிலைமை தலைகீழ். நம் கடல் சீறும். அந்தக் கடல் அடங்கும்.

மழைக்கு பயந்து ஊர் மாறும் பறவை மாதிரி, கப்பலும் ஊர் மாறுகிறது!

உள்ளே என்ன இருக்கிறது?

நீச்சல் குளம், ஆட்டம் பாட்டு நடக்கும் அரங்கம், சிறுவர்கள் விளையாட தனி இடம், உடற்பயிற்சி கூடம், கடைகள், சூதாட்ட கூடம்... ஒரு சின்ன ஊரே உள்ளே இருக்கிறது. சைவ சாப்பாடு உண்டு. வெங்காயம், பூண்டு சேராத ஜைன சாப்பாடும் உண்டு. மயிலாப்பூர் மாமிகள் பட்டினி கிடக்க வேண்டாம்!

சாப்பாடும், ஆட்டம் பாட்டும் கட்டணத்தில் அடங்கும். ஆனால் மது, மசாஜ், இறங்கும் ஊரில் சுற்றிப் பார்க்க வண்டி இதற்கெல்லாம் தனி பில். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து கணக்கு போடுகிறவர்கள், இறங்கும்போது பில்லை பார்த்து விழிப்பது இதனால்தான்.

குடும்பத்தில் சண்டை கிளம்பும் இடம் இன்னொன்று உண்டு. அதுதான் அறை.

விலை குறைந்த அறைகள் கப்பலின் நடு வயிற்றில் இருக்கும். ஜன்னல் கிடையாது. கடலை பார்க்க வேண்டுமானால் மாடிக்கு போக வேண்டும். ஜன்னல் உள்ள அறை அதைவிட விலை கூடுதல். பால்கனி வேண்டும் என்றால் அதற்கும் மேல்.

"ஏங்க, கடலைப் பாக்கலாம்னு சொல்லி கூட்டிட்டு வந்தீங்க. நாலு பக்கமும் சுவராத்தானே இருக்கு?"

"தூங்குறதுக்கு மட்டும்தானேம்மா ரூம்பு! கடல் மேலே இருக்கு, வா."

இந்தப் பேச்சு வேண்டாம் என்றால், முதலிலேயே ரகத்தை கேட்டு வாங்க வேண்டும். குமட்டல் வரும் உடம்புக்காரர்களுக்கு கப்பலின் நடுப்பகுதியில், கீழ் தளத்து அறைதான் நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல் தளமும், முன் மூக்கும் அதிகம் ஆடும்.

புதுச்சேரியில் தடை

முதல் மாதத்திலேயே கப்பலுக்கு சோதனை வந்தது.

கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. சூதாட்டத்துக்கு இடம் இல்லை என்று அப்போதைய துணைநிலை கவர்னர் தமிழிசை சவுந்தரராஜன் சொல்லிவிட்டார். அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் புதுச்சேரியில் பயணிகளை இறக்காமல் சென்னை திரும்பியது. ஊர் பார்க்க காசு கட்டியவர்கள் கடலை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கரையில் இருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோ மீட்டர் வரைதான் நாட்டின் கடல் எல்லை. அதற்கு அப்பால் சட்டமே வேறு. கப்பல் சூதாட்டம் நடப்பது இந்த சந்தில்தான்.

3 ஆண்டு கழித்து, 2025 ஜூலையில் இதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி, சிறு படகுகளில் பயணிகளை கரைக்கு கொண்டு வந்தார்கள். அப்போதும் எதிர்ப்பு இருந்தது.

இதில் சென்னைவாசிகளுக்கு ஒரு பாடம் உண்டு. சீட்டில் 3 ஊர் பெயர் இருந்தால், 3 ஊரிலும் இறங்குவோம் என்று அர்த்தம் இல்லை. காற்று மாறினால் ஊர் மாறும். அரசு மறுத்தால் ஊர் மாறும். அப்படி மாறினால் பணம் திரும்பி வருமா, வராதா என்பதை கையெழுத்து போடும் முன்பே படித்துவிட வேண்டும். பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

கப்பல் சின்னது, கூட்டம் பெரிசு!

இப்போது பழைய கதைக்கு வருவோம்.

சென்னைக்காரர்கள் மறக்காத ஒரு கப்பல் "ராஜூலா". 1926-ம் ஆண்டு கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. 1974-ல் உடைத்து பழைய இரும்பாகி விட்டது.

ராஜூலா 8 ஆயிரத்து 500 டன்கூட இல்லை. ஆனால் புதிதாக ஓடிய காலத்தில் 5 ஆயிரம் பேருக்கு மேல் தளத்தில் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது!

இன்றைய எம்ப்ரஸ் அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் பெரியது. ஏறுவதோ 1,800 பேர். கணக்கு போட்டு பாருங்கள். அன்று ஒரு ஆளுக்கு கிடைத்தது பாய் விரிக்கும் இடம். தகரப் பெட்டி தலைமாட்டில். மழை வந்தால் மேலே படுதா. ஒரு வாரம் அப்படித்தான் போக வேண்டும். இன்று ஒரு ஆளுக்கு கிடைக்கும் இடத்தில் அன்று ஒரு தெருவே படுத்து தூங்கியது.

தோட்டத்துக்கும் கடைக்கும் கணக்கு எழுதவும் போன லட்சக்கணக்கான தமிழர்கள் இப்படித்தான் கடல் தாண்டினார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் இன்று விடுமுறைக்கு கப்பலேறுகிறார்கள்.

நடுக்கடலில் தீ

ராஜூலாவுக்கு பிறகு சென்னை-சிங்கப்பூர் வழியில் பெயர் எடுத்த கப்பல் "எம்.வி.சிதம்பரம்". பிரான்சில் கட்டிய கப்பல். இந்திய கப்பல் கழகம் வாங்கி, கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரின் பெயரை வைத்தது.

1985-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி. நடுக்கடலில் அந்த கப்பலில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். கப்பல் கரை சேர்ந்தது. ஆனால் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. உடைக்கப்பட்டு விட்டது. அதோடு, சிங்கப்பூருக்கு கப்பலில் போகும் காலமும் முடிந்தது.

ஓடிப்போக தெரு கிடையாது. தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வராது. கடலில் தீ என்றால் அவ்வளவு கொடுமை.

பெரும்பாலான சொகுசு கப்பல்களில் இஸ்திரி பெட்டி, கெட்டில், மெழுகுவர்த்தி இவற்றை கொண்டுவர விடமாட்டார்கள். "என் பெட்டியை ஏன் சார் கிளர்றீங்க?" என்று காவலாளியிடம் கோபப்படும் முன், சிதம்பரம் கப்பலை ஒரு தடவை நினைத்துக் கொள்ளலாம்.

7 குட்டை, 1 நெட்டை

2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி இத்தாலியில் "கோஸ்டா கான்கார்டியா" என்ற பிரமாண்ட சொகுசு கப்பல் பாறையில் மோதி சாய்ந்தது. 32 பேர் பலி. அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு, ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்பது என்று யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும் என்பது அன்றைய விதி.

அதன்பிறகு உலக விதியே மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ எல்லா பயணிகளுக்கும் பாதுகாப்பு ஒத்திகை நடத்தியாக வேண்டும்.

இந்த ஒத்திகையை "போர்" என்று சொல்லி, படம் பிடிக்க மாடிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. கவனிக்க வேண்டியது மூன்றே மூன்று:-

ஒன்று: மிதவை சட்டை உங்கள் அறையில் எங்கே இருக்கிறது? குழந்தைக்கு தனி அளவு இருக்கிறதா?

இரண்டு: நீங்கள் கூட வேண்டிய இடத்தின் எண் என்ன? அறையில் இருந்து படிக்கட்டில் அங்கே போக வழி எது? தீ நேரத்தில் லிப்ட் உதவாது.

மூன்று: ஆபத்து சங்கு எப்படி ஒலிக்கும்? 7 தடவை குட்டையாக, 1 தடவை நீளமாக. உலகத்தில் எந்த கடலிலும் இதே கணக்குதான்.

பத்து நிமிஷ வேலை. உயிருக்கு காப்பு.

யாழ்ப்பாணத்துக்கும் போனது

2023 ஜூன் 5-ந்தேதி சென்னை துறைமுகத்தில் ரூ.17 கோடியே 21 லட்சம் செலவில் உருவான சுற்றுலா கப்பல் முனையத்தை மத்திய மந்திரி சர்பானந்தா சோனோவால் திறந்து வைத்தார். அன்றே எம்ப்ரஸ் கப்பல் இலங்கைக்கு கிளம்பியது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, யாழ்ப்பாணம் அருகே காங்கேசன்துறை என்று சுற்று.

எழும்பூரில் "போட் மெயில்" ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி கொழும்பு போன பெரியவர்கள் உண்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே விழுங்கியது. அந்த வழி அதோடு போச்சு. அப்படிப்பட்ட சென்னையில் இருந்து யாழ்ப்பாண கரைக்கு கப்பல் போனது சாதாரண விஷயம் அல்ல.

இலங்கை பயணத்துக்கு பாஸ்போர்ட் அவசியம். உள்நாட்டு பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். ஆனால் ஒன்று, கப்பல் யாருக்கும் காத்திருக்காது. அடையாறில் இருந்து கிளம்புகிறவர்கள் கடற்கரை சாலை நெரிசலையும் சேர்த்து கணக்கு போட வேண்டும்.

ஆற்றுக் கப்பல்

கடல் என்றால் பயம், ஆற்றில் போகலாமே என்பவர்களுக்கும் கப்பல் உண்டு. ஆனால் அது நம் ஊரில் இல்லை.

2023 ஜனவரி 13-ந்தேதி காசியில் இருந்து "கங்கா விலாஸ்" என்ற ஆற்றுக் கப்பல் கிளம்பியது. வங்காளதேசம் வழியாக அசாம் மாநிலம் திப்ரூகர் வரை 51 நாள். 3 ஆயிரத்து 200 கிலோ மீட்டர். 27 ஆறுகள். பயணிகள் வெறும் 36 பேர்! முதல் பயணத்தில் சுவிட்சர்லாந்து நாட்டவர்களே அதிகம்.

மயிலாப்பூருக்கும் ஒரு காலத்தில் இந்த யோகம் இருந்தது.

பக்கிங்காம் கால்வாயில் மாலையில் படகு ஏறினால், விடிகாலையில் மாமல்லபுரம். கட்டுசோறு, நிலா வெளிச்சம், படகுக்காரர் கழி ஊன்றும் சத்தம். விறகும், உப்பும், கிளிஞ்சலும் வந்த அதே வழியில் சனங்களும் போய் வந்தார்கள். சென்னை ஊருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1870-களின் கொடும் பஞ்சத்தில் பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டியது.

இன்று? மயிலாப்பூரில் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரெயில் தூண்கள் நிற்கின்றன. அடியில் ஓடுவது சாக்கடை. ஆனால் 2008-ம் ஆண்டு இதே கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்க்கப்பட்டது. காகிதத்தில் இது படகு போகும் பாதை! திருமயிலை ஸ்டேஷனில் மூக்கை பொத்திக்கொண்டு ரெயிலுக்கு நிற்கும் குமாஸ்தாவிடம் இதைச் சொன்னால் நம்புவாரா?

சொகுசு கப்பலில் போக முடிந்தவர்கள் போகட்டும். பார்த்து, படித்து, ஒத்திகையில் நின்று, சந்தோஷமாக போய் வரட்டும். கடல் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் டிக்கெட் எல்லோருக்கும் பொது அல்ல.

அரையணாவும் காலணாவும் எண்ணி வாழ்ந்தவர்களும் குடும்பத்தோடு போய் வந்த தண்ணீர் வழி, மயிலாப்பூர் வீடுகளின் பின்னாலேயே கிடக்கிறது. அதை தூர் வாரி, சாக்கடையை நிறுத்தி, ஒரு படகு விட கொடி அசைப்பது யார்?