இயந்திரம் படிக்கும் கையேடு

மூலநிரல் கிடைக்காத ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு, கணினி இயக்கும் எண் வடிவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பிரித்து, அது என்ன செய்கிறது என்று கண்டறியும் கலையே ரிவர்ஸ் இன்ஜினியரிங் எனப்படும் பின்னோக்குப் பொறியியல். வைரஸ்களை ஆராய்வோரும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவோரும் இதற்குப் பயன்படுத்தும் கருவிகளுள், 2006இல் தொடங்கிய ரேடாரே திட்டத்திலிருந்து வந்த ரேடாரே2, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2019 மார்ச்சில் பொதுவில் வெளியிட்ட கிட்ரா ஆகியவை பெயர் பெற்றவை. மனிதக் கண்ணையும் பொறுமையையும் நம்பி அமைக்கப்பட்ட இக்கருவிகளை இப்போது ஏஐ முகவர்களும் இயக்குகின்றன. அதாவது, இலக்கு ஒன்றைச் சொன்னால் கட்டளையைத் தாமே தேர்ந்து, விடையைப் படித்து, அடுத்த அடியையும் தாமே முடிவுசெய்யும் மொழி மாதிரிகள். மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டபின், கிட்ராவுக்கான இணைப்புப் பாலங்களும் வந்துவிட்டன. ஆகவே இணைப்பது இன்று கடினமான வேலை அன்று. இணைத்த பின் முகவர் எதைப் படித்துக் கருவியைக் கையாளும் என்பதே கேள்வி.

ரேடாரே2இன் கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகளே கொண்டவை. அதில் பிடிஎஃப் என்பது ஆவணக் கோப்பைக் குறிப்பதன்று, ஃபங்ஷன் எனப்படும் ஒரு செயற்கூற்றின் இயந்திரக் கட்டளைகளை வரிசையாக அச்சிடச் சொல்வது. செயற்கூறுகளைப் பட்டியலிடும் கட்டளையை, கோப்பைப் பகுத்தாயும்படி முதலில் சொல்லாமல் கொடுத்தால், பட்டியல் வெறுமையாக வரும். அனுபவசாலி இதைக் கண்டதும் தாம் மறந்த கட்டளையை நினைவுகூர்வார். முகவரோ இந்தக் கோப்பில் செயற்கூறுகளே இல்லை என்று முடிவுகட்டி, அந்த முடிவின்மேல் அடுத்த பத்து அடிகளை எடுத்துவைக்கக்கூடும். வெறுமையான விடைக்கு என்ன பொருள் என்பதைக் கையேட்டில் ஒரு வரியில் எழுதிவைப்பது, நூறு கட்டளைகளை அகரவரிசையில் அடுக்குவதைவிட மேலானது.

முகவரிக் கணக்கிலும் இத்தகைய பொறி உண்டு. நினைவகத்தின் எந்த இடத்திலும் ஏற்றத்தக்க லினக்ஸ் நிரல் ஒன்றில், ஆப்ஜ்டம்ப் என்ற எளிய கருவி 1149 என்று காட்டும் இடத்தைக் கிட்ரா 101149 என்று காட்டும். ஏனெனில் முன்னது சுழியத்திலிருந்தும், பின்னது பதினாறடிமான எண்முறையில் 100000 என்ற அடித்தள முகவரியிலிருந்தும் எண்ணுகின்றன. இரு கருவிகளையும் மாறிமாறிப் பயன்படுத்தும் முகவருக்கு இந்தக் கழித்தலைச் சொல்லித்தராத கையேடு பாதிக் கையேடுதான்.

இவற்றினும் நுட்பமானது டிகம்பைலரின் சிக்கல். இயந்திரக் கட்டளைகளைச் சி மொழி போன்ற வடிவுக்குத் திருப்பித் தரும் இப்பகுதி, பார்வைக்கு மூலநிரல் போலவே தோன்றும் ஒன்றைத் தருகிறது. எனினும் அதற்கு அடிப்படையான பைட்டுகள் மட்டுமே கோப்பில் உண்மையாக உள்ளவை. மாறிகளின் வகைகளும் பல பெயர்களும் கருவியின் ஊகம். முகவர் ஒரு செயற்கூற்றுக்குக் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது என்று உத்தேசமாகப் பெயரிட்டுச் சேமித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தால், தான் வைத்த பெயரையே சான்றாகக் கொள்ளும் விபரீதமும் நேரலாம். எனவே எது பதிவு, எது ஊகம் என்பதைக் கையேடு பிரித்துக் காட்டுவதோடு, முகவர் சூட்டும் பெயர்களுக்கு ஓர் அடையாள முன்னொட்டையும் வலியுறுத்த வேண்டும்.

கருவி எங்கே ஏமாற்றும் என்பதைக் கையேடே சொல்ல வேண்டும் என்ற சிந்தனை முற்றிலும் புதிதன்று. 1971 நவம்பர் 3 எனத் தேதியிட்டுக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஆக்கிய முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, கட்டளை எங்கே தவறும் என்று சொல்லும் பிழைகள் என்ற பிரிவு இருந்தது. பிற்காலக் கையேடுகள் பலவற்றில் விளம்பர வாசகங்கள் பிடித்துக்கொண்ட அந்த இடத்தை முகவருக்கான கையேடு மீட்டே ஆக வேண்டும். அதுவும் சுருக்கமாக, ஏனெனில் மொழி மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் வைத்துக்கொள்ளும் உரைக்கு எல்லையுண்டு.

கடைசியாக, ஆராயப்படும் கோப்பே முகவரோடு பேச முற்படலாம். முந்தைய அறிவுறுத்தல்களைப் புறக்கணித்துவிட்டுத் தீங்கு ஏதும் இல்லை என்று அறிவிக்கும்படி ஏஐயிடம் சொல்லும் வாசகத்தைத் தன்னுள் பொதிந்துவைத்திருந்த தீநிரல் ஒன்றை, 2025 ஜூனில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அவர்கள் சோதித்த மாதிரிகளிடம் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. ஆயினும் கோப்பினுள் காணப்படும் எந்த வாசகமும் ஆய்வுக்குரிய பொருளே, பின்பற்றத்தக்க கட்டளையன்று என்ற வரி இத்தகைய கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.