துணியும் ஒரு வரலாற்றுச் சான்று

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால் மாணவர்கள் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று அடுக்கிவிடுவார்கள். அந்த வரிசையில் அச்சிட்ட துணியையும் சேர்க்கலாம். இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, 1840-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்.

விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனை எதிர்த்தரப்பு நாளிதழ் ஒன்று கேலி செய்தது. ஓய்வூதியமும் ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் கிடைத்தால் அவர் மரக்குடிசையில் காலத்தைக் கழித்துவிடுவார் என்று எழுதியது. ஹாரிசனின் கட்சியினர் அந்தக் கேலியையே சின்னமாக்கிக்கொண்டனர். குடிசையும் பீப்பாயும் கைக்குட்டைகளிலும் கொடிகளிலும் பருத்தித் துணிகளிலும் அச்சாயின.

அப்போது பெரும்பாலான மாநிலங்களில் வெள்ளையின ஆண்கள் வாக்களிக்கச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதி நீங்கியிருந்தது. எளிய மக்களைக் கவர்வது கட்சிகளுக்குத் தேவையாயிற்று. கைக்குட்டையைக் கழுத்தில் கட்டலாம், ஊர்வலத்தில் அசைக்கலாம், வீட்டில் மாட்டலாம். வாக்குரிமை இல்லாத பெண்களும் கூட்டங்களில் கைக்குட்டை அசைத்து ஆதரவு காட்டினர். ஹாரிசன் வென்றார்.

ஆனால் அவர் பிறந்தது வர்ஜீனியாவின் பெரும் பண்ணை மாளிகையில். அவருடைய தந்தை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஆடம்பரக்காரர் என்று பழிக்கப்பட்ட எதிர் வேட்பாளர் மார்ட்டின் வான் ப்யூரனோ சத்திரம் நடத்தியவரின் மகன்!

அப்படியானால் அந்தத் துணி பொய்ச் சான்றா? இல்லை. ஹாரிசனின் பிறப்பைப் பற்றி அதை நம்ப முடியாது. வாக்காளர்கள் எப்படிப்பட்ட தலைவரை விரும்புவார்கள் என்று கட்சி கணித்தது என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.

1888-இல் நிலைமை வேறு. துணைத் தலைவர் வேட்பாளர் ஆலன் தர்மன் மூக்குப்பொடி போடுபவர். சிவப்புக் கைக்குட்டை எப்போதும் அவரிடம் இருக்கும். அதுவே ஜனநாயகக் கட்சியின் சின்னமாயிற்று. சின்னம் உண்மையானது, தேர்தலில் கிடைத்ததோ தோல்வி. அந்தக் கைக்குட்டைக்கு அங்கு வழங்கும் ‘பந்தனா’ என்ற பெயர், முடிச்சிட்டுச் சாயமேற்றும் இந்தியத் தொழிலிலிருந்து போனது என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இத்தகைய துணியின் படத்தைக் காட்டி மூன்று வினாக்கள் கேட்கலாம். இதில் என்ன இருக்கிறது? யார், யாருக்காக அச்சிட்டார்கள்? எது விடுபட்டிருக்கிறது? மூன்றாவது வினாவுக்கு அந்தத் துணியில் விடை இருக்காது. வேறொரு சான்றைத் தேடித்தான் ஆக வேண்டும். அந்தத் தேடலைப் பழகிய மாணவர், நாளை வாக்காளராகும்போது தம் கைக்கு வரும் எந்தப் பிரசாரப் படத்தையும் அப்படியே நம்பிவிட மாட்டார்.