பாஸ்பேட் எருக்களின் பெயரும் குணமும்

பாஸ்பேட் என்று பொதுவாக வழங்கப்படினும், அப்பெயருடன் விற்கப்படும் எருக்கள் யாவும் ஒரே சரக்கல்ல. சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் சம்பா நடுகிறவரும், பண்ணுருட்டிச் செம்மண்ணில் மணிலாக்கொட்டை விதைக்கிறவரும் ஒரே விதமான மூட்டையை வாங்கினால், இருவரில் ஒருவருடைய பணம் வீணாகக்கூடும். ஆகையால் மூட்டையின்மேல் அச்சிட்டுள்ள பெயரின் பொருளை விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பாஸ்வரம், பிராணவாயு, ஜலவாயு ஆகிய மூன்றும் கூடியது பாஸ்பாரிக் அமிலம். இவ்வமிலத்தின் உப்புகளே பாஸ்பேட்டுகள். அமிலத்திலுள்ள மூன்று ஜலவாயு அணுக்களில் ஒன்றின் இடத்தைச் சுண்ணாம்புச் சத்து பற்றிக்கொண்டால் அது மோனோ கால்சியம் பாஸ்பேட், நீரில் கரையும். இரண்டின் இடத்தைப் பற்றினால் டை கால்சியம் பாஸ்பேட். நீரில் கரையாது, எலுமிச்சம்பழப் புளிப்பை ஒத்த மெல்லிய அமிலத்தில் கரையும். மூன்றின் இடத்தையும் பற்றினால் டிரை கால்சியம் பாஸ்பேட். இது எளிதில் கரைவதே இல்லை. எலும்பிலும் பாறையிலும் உள்ளவை பெரும்பாலும் இம்மூன்றாவதன் இனத்தவையே. வேர்கள் நீரில் கரைந்த சத்தையே உண்ணுமாதலால், இவ்வேற்றுமை அற்பமானதன்று.

திருச்சிராப்பள்ளியை அடுத்த ஊட்டத்தூர்ப் பகுதியில் அகப்படும் பாஸ்பேட் உருண்டைக் கற்களும் கரையாத இனமே. எலும்பையும் இத்தகைய கற்களையும் தூளாக்கிக் கந்தகத் திராவகம் சேர்த்துக் கரையும் வகையாக மாற்றும் முறைக்கு, இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842-ல் உரிமை பெற்றார். நம் ராணிப்பேட்டையில் 1906-ல் இத்தொழில் தொடங்கிற்று. இவ்வாறு கிடைப்பதே சூப்பர் பாஸ்பேட். இதைச் செய்கையில் உண்டாகும் ஜிப்சமும் மூட்டையிலேயே தங்கிவிடுகிறது. அதைக் கலப்படமென்று எண்ணுவோர் உளர், அது தவறு.

டி.ஏ.பி. என்னும் டை அம்மோனியம் பாஸ்பேட்டில் சுண்ணாம்புக்குப் பதிலாக அம்மோனியா சேர்ந்திருக்கிறது. பெயரில் "டை" இருப்பினும் இது நீரில் நன்கு கரையும். சூப்பரில் நூற்றுக்கு 16 பங்கும், டி.ஏ.பி.யில் 46 பங்கும் மணிச்சத்து உண்டு. இவ்வெண்கள் பாஸ்வரத்தின் எடையல்ல. பாஸ்வர பென்டாக்ஸைடாகக் கட்டிய கணக்கு. அப்பொருள் மூட்டைக்குள் தனியே இராது. பழைய ரசாயனிகளின் வழக்கம் இன்றும் விடவில்லை, அவ்வளவே.

மணிலாவுக்கு சூப்பரே சிறந்தது என்பது எம் கருத்து. காயானது தன் தோலின் வழியாகவே மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவது. எண்ணெய்க்குக் கந்தகமும் வேண்டும். இவ்விரண்டும் சூப்பரில் உள்ள ஜிப்சத்தில் உண்டு, டி.ஏ.பி.யில் இல்லை. ஒரு டி.ஏ.பி. மூட்டையின் மணிச்சத்துக்கு ஏறக்குறைய மூன்று மூட்டை சூப்பர் வேண்டுமாதலால் வண்டிக்கூலி கூடும் என்பது மெய்யே.

ராக் பாஸ்பேட் எனப்படும் பாறைத்தூள் மலிவாகக் கிடைக்கும். புளிப்பு மிகுந்த செம்புறை மண்ணில், முந்திரி போன்ற நீண்டகாலப் பயிருக்கு அது மெல்லக் கரைந்து உதவும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களர்த்தன்மையுள்ள களிமண்ணிலோ அது கல்லாகவே கிடக்கும். அங்கே கரையும் வகையையே கடைசி உழவில் முழுதும் இட வேண்டும். தண்ணீர் தேங்கிய வயலில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பேட்டும் ஓரளவு விடுபடுவதால், மண் பரிசோதனை செய்து அளவைக் குறைக்கவும் இடமுண்டு.

சூப்பரைச் சாம்பலுடனோ சுண்ணாம்புடனோ கலந்து இறைக்கலாகாது. கலந்தால், திராவகம் விட்டுக் கரையச்செய்த சத்து மறுபடியும் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு கரையாத வகையாகத் திரும்பிவிடும்.