"என்ன தொழில்?" என்று வைத்தியர் கேட்டால்

பாண்டிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு கமக்காரரை நாம் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றிருந்தோம். மூன்று நாட்களாகக் காய்ச்சல். "என்ன தொழில்?" என்று வைத்தியர் கேட்டார். "தொழில் இல்லை ஐயா" என்றார் அவர். சொந்தக் காணியை விட்டு வந்தவர். பத்து நாட்களுக்கு முன்னர் பிறருடைய வயலில் கூலிக்கு வரம்பு கட்டியிருந்தார். அதைத் தொழில் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிதான், "சேத்துக்குள்ள நிண்டவர் டொக்டர், காலில வெட்டுக்காயமும் இருக்கு" என்றார். உடனே வைத்தியர் கெண்டைக்கால் சதையை அழுத்தினார், மனிதர் துடித்துப்போனார். கண்களும் சிவந்திருந்தன. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அன்றே வார்ட்டில் சேர்த்தார்கள்.

இரத்தம் சோதித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1975இல் இங்கிலாந்தில் புதிதாக வந்த 80 நோயாளரை ஆராய்ந்தபோது, 66 பேருடைய நோய் அவர்கள் சொன்ன வரலாற்றிலிருந்தே பிடிபட்டிருந்தது. உடலைத் தொட்டுப் பார்ப்பதும் ஆய்வுகூடமும் அதற்குப் பின்னரே வருகின்றன.

எலிக்காய்ச்சலில் இது இன்னும் மெய். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர், காயத்தின் வழியே கிருமியை உடலுக்குள் விடுகிறது. தொடக்கத்தில் டெங்கு போலவே இருக்கும். பின்னர் சிறுநீரகத்தைத் தாக்கலாம். 2008இல் இலங்கையில் 7000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. வழமையான இரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் இதைக் காட்டாமலும் விடும். அந்த நாட்களில் வைத்தியர் உங்கள் வாயைத்தான் நம்பியிருக்கிறார்.

ஆகவே காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, எந்தத் தண்ணீரில் நின்றீர்கள், சிறுநீர் குறைந்துவிட்டதா, கடையில் என்ன குளிசை வாங்கிப் போட்டீர்கள் என்பவற்றைக் கேளாமலே சொல்லுங்கள். பரிகாரியாரிடம் குடிநீர் வாங்கிக் குடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், ஏசினால் ஏசட்டும். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்தவர்கள், தமக்குள்ள பிரஷர், சீனி வியாதி, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது பேசுபவர் அவர்தான்.

விதைப்புக்கு முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள். அது காணி உரிமையாளருக்கு மட்டும் உரியதல்ல. கூலிக்கு இறங்குபவருக்கும் உரியது. பதியும்போது "தொழில் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.