சராசரிப் புள்ளி சொல்லாதது

ஓர் ஆரம்பப் பாடசாலையின் தரத்தை அதன் சராசரிப் புள்ளியைக்கொண்டு மதிப்பிடும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. அப்புள்ளி ஆசிரியரின் உழைப்பைக் காட்டுகின்றதா, அன்றிப் பிள்ளைகளின் இல்லத்து வசதியைக் காட்டுகின்றதா என்பது ஆராயத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்கப் பாடசாலைகளில் மாணாக்கரை நிறத்தாற் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரணானதென 1954இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. பின்னர், 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் பணித்தவாறு, ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலறிஞரின் தலைமையில் ஏறத்தாழ 4,000 பாடசாலைகளும் 6 இலட்சம் மாணாக்கரும் ஆராயப்பட்டனர். அறிக்கை 1966இல் வெளிவந்தது. கட்டடம், நூல்நிலையம் முதலியவற்றின் வேறுபாட்டைக் காட்டிலும் குடும்பச் சூழலே புள்ளிகளின் ஏற்றத்தாழ்வோடு மிகுதியும் தொடர்புற்றிருந்தது. உடன்பயில்வோரின் பின்னணியும் கல்வி நாட்டமும் அடுத்து முக்கியமாயிருந்தன.

இதனாற் பாடசாலை பயனற்றதென முடிவுசெய்தல் தவறாகும். நல்லாசிரியரும் நல்ல உடன்மாணாக்கரும் சிறுபான்மையினப் பிள்ளைகளுக்கே பெரிதும் துணைசெய்வதாக அதே அறிக்கை கூறிற்று.

பலதிறப்பட்ட பிள்ளைகள் கூடும் பாடசாலையின் சராசரி சற்றுத் தாழ்ந்திருத்தல் கூடும். அதைக் கண்டு வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை விலக்குவாராயின், எஞ்சிய பிள்ளைகள் தமக்குக் கிடைத்த சிறந்த துணையொன்றை இழப்பர். எழுத்தறியாது வந்த பிள்ளை ஆண்டிறுதியில் வாசிக்கக் கற்றிருப்பின், அப்பாடசாலை தன் கடமையைச் செய்ததேயாம். ஆதலின், பிள்ளை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் முன்னேறிற்று என்பதையே பெற்றோர் முதலில் வினவுதல் வேண்டும்.